மேட்டில் நிறுத்தவும்

அப்பா எழுதிவைத்த பத்திரத்தில்
நிலம் மூன்று பங்கு.
கோழிக்கொட்டகை, தண்ணீர் மோட்டார், பலாமரம் இரண்டு,
எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு பெயர் உண்டு.
டிராக்டரை எழுத மறந்துவிட்டார்.
அதனால் அது மூவருக்கும் முழுதாய்ச் சொந்தம்;
ரிப்பேர் வந்தால் மட்டும் என்னுடையது.

ஸ்டார்ட்டர் செத்து ஆறு வருடம்.
நிபோங் திபாலில் புதிதாய் ஒன்று கேட்டால்
கடைக்காரர் வண்டியின் வயதை விசாரித்துவிட்டுச் சிரிக்கிறார்.
ஆகவே இரவில் மேட்டில் நிறுத்துவோம்,
வாய்க்கால் கரையில், மூக்கு கீழே பார்க்க,
சக்கரத்துக்குக் கல் கொடுத்து.
விடிகாலை கல்லை உதைத்து, கிளட்ச்சை மிதித்து,
நாலு கஜம் உருண்டதும் விட்டால்
ஒரு தும்மல், ஒரு குடம் கறுப்புப் புகை,
பிறகு ஊருக்கே தெரியும் நான் எழுந்துவிட்டேன் என்று.
பொழுது சாய்கிறவரை அணைப்பதில்லை.
நாங்கள் சோறு தின்னும்போதும்
அது தள்ளி நின்று உறுமிக்கொண்டிருக்கும்,
பந்தியில் இடம் கிடைக்காத சம்பந்தி போல.

டீசல் தொட்டியில் ஓட்டை.
அடைத்திருப்பது துணி சோப்பு.

பின்னால் இழுத்துப் போகும் கதிர் ஒடிக்கும் மிஷின்
பட்டர்வொர்த் பழைய இரும்புக் கடையில்
கிலோ கணக்கில் வாங்கியது.
எந்த நாட்டிலிருந்து கப்பல் ஏறியதோ,
தகட்டில் எங்களுக்குப் புரிந்தது
விரல் அறுந்த ஒரு கையின் படம் மட்டும்.
ஒரு நடைக்கு ஒரே வரிசை.
உருளை இரண்டும் தட்டையைக் கீழே இழுக்க,
கதிர் இடுக்கில் தங்கி ஒடியும்;
சங்கிலி அதைத் தூக்கிப் பெட்டியில் எறியும்.
பத்தில் எட்டு பெட்டிக்குள் விழும்.
மீதி இரண்டை அக்கா நவமணி
பின்னாலேயே நடந்து பொறுக்குவாள்,
செபராங் ஜெயா ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து
வெள்ளைக் காலணியை மட்டும் கழற்றிவிட்டு.
உருளையில் தட்டை சிக்கி நான் குனிந்தால்
எங்கிருந்தாலும் கத்துவாள்.
ஐஸ் பெட்டியில் வரும் விரல்களைக்
கையெழுத்துப் போட்டு வாங்குகிறவள் அவள்.

கடன் கேட்டது கதிர் காயவைக்கும் கொட்டகைக்கு.
ஈடாக டிராக்டரைக் காட்டியது தம்பி குணாளன்.
வங்கியிலிருந்து புவான் நூர்ஹயாத்தி வந்த அன்று
மரியாதை செய்வதாய் நினைத்து
அதைக் கழுவி, துடைத்து,
சிமெண்டுத் தரையில் நிறுத்தியிருந்தான்.
சமதளத்தில்.

எண் கேட்டார். எண் பெயிண்டுக்கு அடியில்.
வருடம் கேட்டார். மூவரும் மூன்று சொன்னோம்.
ஓடுமா என்றார்.

தள்ளினோம்.
குணாளன் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம்,
அடுத்த நிலத்துப் பாக் சு,
கோழித்தீனி எடுக்க வந்த லாரி டிரைவர்,
நான் மேலே.
அசைந்தது. உருளவில்லை.
கிரியான் ஆற்றுப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.
இரண்டு ஏக்கர் இன்னும் நிற்கிறது.

புவான் கோப்பைக் காருக்குள் வைத்தார்.
குதிகால் செருப்பைக் கழற்றி
சோளச் சாக்கின்மேல் ஜோடியாக வைத்தார்.
மட்கார்டில் கை ஊன்றி
'சத்து, துவா' என்றார்.
மூன்றைச் சொல்லுமுன்
அது தும்மிவிட்டது.

விடைபெறக்கூட நான் இறங்கவில்லை.
அப்படியே வரப்பில் ஏற்றினேன்.
கடைசி ஏழு வரிசை மழையில் ஒடித்தோம்,
பாதி முளைத்துப் போனது, அது வேறு கதை.

மூன்று வாரம் கழித்து வங்கிக் கடிதம்.
வாகன நிலை: இயங்குகிறது.
மதிப்பு: பூஜ்யம் ரிங்கிட்.
இரண்டு வரிக்கும் ஒரே கையெழுத்து.
குணாளன் அதை மேசையில் போட்டுவிட்டு
சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

உறை நல்ல கெட்டித் தாள்.
டீசல் பம்பில் கேஸ்கட் போய்
ஒரு மாதமாய்க் கசிவு.
பழையதை உறையின்மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து,
கத்தரித்து, ஆணியால் துளையிட்டு,
கிரீஸ் தடவி இறுக்கினேன்.
வங்கிச் சின்னம் உள்பக்கமாய்ப் போய்விட்டது.
நேற்றுவரை ஒரு சொட்டு இல்லை.